பிரிக்பீல்ட்ஸில் கூடிய சபை

மரியநாயகத்தை நகர ஆலோசனைச் சபையில் இந்தியர்களுக்கான உறுப்பினராகப் போட்டது வெள்ளைக்காரத் துரைமார்தான். ரயில்வே சனம் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் யாரும் அவர் வேண்டும் என்று கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்படி ஒரு சபை இருப்பதே பலருக்குத் தெரியாது. அது 1924-ஆம் வருஷம். அவர் ரயில்வே சரக்கு ஆபீசில் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. மாதா கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். ஆங்கிலம் தடங்கலில்லாமல் பேசுவார். அது போதும் என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

சபை ஆற்றங்கரைக் கட்டடத்தின் மாடியில், செவ்வாய்க்கிழமை காலைகளில் கூடும். ரயில்வே பட்டறைக்கும் தண்டவாள வேலைக்கும் போகிறவன் அந்த நேரத்தில் அங்கே எப்படி வருவான்? வந்தாலும் உள்ளே நடக்கும் பேச்சு அவனுக்குப் புரியாது. அப்படி ஒரு கூட்டத்தில், பிரிக்பீல்ட்ஸ் மாட்டுக் கொட்டகைகளை அகற்ற வேண்டும், ஈயும் காய்ச்சலும் அங்கிருந்துதான் பரவுகின்றன என்று ஒரு டாக்டர் சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள். மரியநாயகமும் தூக்கினார். அவர் வீட்டு வராந்தாவுக்கே அந்தச் சாண நாற்றம் வந்துகொண்டுதான் இருந்தது. அறிவிப்பு ஆங்கிலத்தில் அச்சாகி, சாலை முனைக் கம்பத்தில் ஒட்டப்பட்டு, மழையில் ஊறிக் கிழிந்தும் போயிற்று.

அறிவிப்பில் சொன்ன கெடு முடிந்ததும் இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்து கொட்டகைகளின் அத்தாப்பு ஓலைக் கூரையைப் பிரிக்கத் தொடங்கினார். முதலில் பிரிந்தது இராஜம்மாவின் கொட்டகை. புருஷன் செத்த பிறகு பால் விற்றுத்தான் அவள் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்து வந்தாள். கூரை சரிந்த சத்தத்தில் மாடுகள் மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு சந்து வழியாக ஓடித் தண்டவாளத்தில் ஏறின. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்த எஞ்சினால் நிற்க முடியவில்லை. சினைப் பசு ஒன்று அடிபட்டுச் செத்தது.

அன்று சாயங்காலம் மாட்டுக்காரர்கள் மரியநாயகத்தின் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள். அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்துபோய், சுகாதாரம், சட்டம், முன்னறிவிப்பு என்று விளக்கிப் பார்த்தார். அவர் முடிக்கட்டும் என்று இராஜம்மா காத்திருந்தாள்.

"கிராணி ஐயா, அந்தக் கூட்டத்துல எங்க சார்பா நீங்கதான் உட்காந்திருந்தீங்கன்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு. எங்கள எப்பக் கேட்டீங்க?"

அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீசில் கிள்ளானுக்குப் போக வேண்டிய சரக்கைச் செந்தூலுக்கு எழுதினார். பூசையில் உட்கார்ந்திருக்கும்போது கால் தானாக ஆடியது. வீட்டில் வராந்தாவின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்தார். பசு செத்த களேபரத்தில் இன்ஸ்பெக்டர் மற்றக் கொட்டகைகளைத் தொடாமல் போயிருந்தார். எந்த நாளும் திரும்பி வரலாம். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் மரியநாயகம் எட்டிப் பார்த்தார்.

மனைவி டொரத்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "இப்படியே நடந்தா தரைதான் தேயும். நடக்கிறதுன்னா அந்தச் சந்துக்குள்ள போய் நடங்க" என்றாள்.

அவர் போனார். இத்தனை வருஷம் பிரிக்பீல்ட்ஸில் இருந்தும் அந்தச் சந்துக்குள் அவர் நுழைந்ததில்லை. ஒவ்வொரு வாசலாக நின்று, கொட்டகைகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். தான் ஒரு சனத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டதாகவும், போய்த் தலைகுனிந்தால் பாரம் இறங்கிவிடும் என்றும் எண்ணிக்கொண்டு போனவருக்கு, ஐந்தாறு வீடு தள்ளி வேறொன்று காத்திருந்தது. அங்கே குடியிருந்த ஜெயராஜ் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேன். அவன் அவரை உள்ளே கூப்பிடவில்லை. வாசலை மறித்து நின்றுகொண்டே பேசினான். கொட்டகைச் சாக்கடை அவன் வீட்டுப் பின்பக்கமாகத்தான் ஓடியது. மழைக்காலத்தில் அது பொங்கிக் குழாயடிவரைக்கும் வரும். வயிற்றுக்கடுப்பில் அவனுடைய சின்ன மகள் இறந்து அஞ்சு மாசமாகியிருந்தது.

"நீங்க செஞ்சது சரிதான், கிராணி. ஆனா இத ஏன் முந்தியே செய்யல? அப்ப வந்து கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

மரியநாயகம் வீடு திரும்பும்போது முன்னைவிட மோசமாக இருந்தார். இராஜம்மாவுக்காகப் பேசினால் ஜெயராஜுக்கு என்ன பதில்? ஜெயராஜுக்காகப் பேசினால் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு எங்கே? அவர் இரண்டு பேருக்கும் உறுப்பினர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் எழுந்து, கொட்டகை விஷயத்தை நிறுத்திவைக்க வேண்டும், சபை ஒரு சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸுக்கே வந்து, தமிழில் எல்லோரையும் கேட்க வேண்டும் என்றார். தலைவராக இருந்த துரை சிரித்தார். இந்தியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று சொல்லத்தானே உங்களை வைத்திருக்கிறோம் என்று கேட்டார். எனக்குத் தெரியாது சார், அதனால்தான் வரச் சொல்கிறேன் என்றார் மரியநாயகம். அந்த மேசையில் ஒருவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. சீன உறுப்பினர் ஒருவர் மட்டும், போய்த்தான் பார்ப்போமே என்றார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு முறை என்று சம்மதித்தார்.

மரியநாயகம் தமுக்கடிக்க ஆள் வைத்தார். அதையும் நம்பாமல், மாதா கோயில் வாசலிலும் மாரியம்மன் கோயில் வாசலிலும் பட்டறை விடும் நேரத்தில் பட்டறை வாசலிலும், கடைசியில் வெட்கத்தை விட்டுக் கள்ளுக்கடை வாசலிலும் நின்று தானே சொன்னார். யாராவது வருவார்களா என்ற பயம் ஒரு பக்கம், எல்லோரும் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம். கூட்டம் நடக்கவிருந்த சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்தது. ஆனால் முன்னால் போட்ட நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. துரைமார் மேடையில் உட்கார்ந்திருக்க, சனம் பின்சுவரோடு ஒட்டி நின்றது. பெண்கள் வெளியே, மழைச் சாரலில், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யார் பேசுகிறீர்கள் என்று மரியநாயகம் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. மறுபடி கேட்டார். ஓர் இருமல் சத்தம்தான் வந்தது. துரை தொப்பியைக் கையில் எடுத்தார்.

மரியநாயகம் மேடையிலிருந்து இறங்கினார். துரையையும் மற்றவர்களையும் கீழே வந்து உட்காரச் சொல்லி ஆங்கிலத்தில் கெஞ்சினார். அவர்கள் முணுமுணுத்தபடி இறங்கினார்கள். பிறகு கதவைத் திறந்து பெண்களை உள்ளே கூப்பிட்டார். கூட்டம் நகர்ந்து, நெருங்கி, அவர்களைச் சுற்றி வந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. சாக்கடை, குழாய், லெவல் கிராசிங், இருட்டுச் சந்து, கொசு என்று நாலா பக்கமிருந்தும் கேள்விகள் வந்தன. மரியநாயகம் கழுத்தைத் திருப்பித் திருப்பி மொழிபெயர்த்தார். அவரையே திட்டியதையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார்.

ஜெயராஜ் முன்னால் வந்து, கொட்டகை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றான். இராஜம்மாவோடு வந்தவர்கள் அவன் மேல் பாய்ந்தார்கள். பால் குடிக்கும்போது நாறவில்லையா என்று ஒருவன் கேட்டான். ஜெயராஜ் அவனைப் பார்க்காமல், துரையையும் பார்க்காமல், மகள் இறந்ததைச் சொன்னான். எந்தச் சாக்கடை, எந்த வாரம், பிள்ளை எத்தனை தடவை தண்ணீர் கேட்டது என்று சொல்லிக்கொண்டே போய், நடுவில் நிறுத்திவிட்டான்.

துரைக்குப் பொறுமை போயிற்று. சுருக்கமாக, இந்தியர்கள் விரும்புவது என்ன என்று கேட்டார். ஒரே பதில் கிடையாது சார் என்றார் மரியநாயகம். இன்னும் கொஞ்சம் இருக்க வேண்டும் என்றார்.

இராஜம்மா அதுவரை பேசவில்லை. அவள் ஜெயராஜ் வீட்டுக்குப் பால் ஊற்றியவள். சின்னது காய்ச்சலில் போய்விட்டது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெயராஜைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எனக்கு இது தெரியாது தம்பி. நான் கொட்டாய எடுத்துடுறேன். ஆனா எங்க போறதுன்னு இவங்க சொல்லணும். அதையும் அந்த மாடியில ஒக்காந்து பேசக் கூடாது. எங்கள வச்சுக்கிட்டுப் பேசணும்."

மரியநாயகம் அதை வார்த்தை மாறாமல் ஆங்கிலத்தில் சொன்னார். துரை பென்சிலை எடுத்தார். குறித்துக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. ரப்பர்த் தோட்டத்து ஓரமாக ஒரு மேட்டு நிலம் கொடுக்க இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். அதற்குள் இரண்டு பேர் மாடுகளைக் கிள்ளானில் விற்றுவிட்டுக் கூலிக்குப் போய்விட்டார்கள். இராஜம்மா மேட்டுக்குப் போனாள். விடியுமுன் பால் குடத்தோடு நெடுந்தூரம் நடந்தாள். ஜெயராஜ் வீட்டில் அவளிடம் பால் வாங்குவதை நிறுத்தவில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதும் இல்லை. வருஷ முடிவில் மரியநாயகத்தின் நியமனம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் இடத்துக்கு ஒரு வக்கீல் வந்தார்.

ஆனால் சனம் ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டது. இராச்சுற்று வேலை முடித்த தண்டவாள ஆட்கள், ஜெயராஜோடு சேர்ந்து, செவ்வாய்க்கிழமை காலைகளில் ஆற்றங்கரைக் கட்டடத்துக்குப் போய் மாடித் தாழ்வாரத்தில் நின்றார்கள். பியூன் விரட்டினான். நிற்கக் கூடாது என்று எங்கே சட்டம் என்று கேட்டார்கள்; அவனுக்குத் தெரியவில்லை. மரியநாயகமும் லீவு போட்டுவிட்டு வந்து அவர்களோடு நின்றார். கதவுக்கு வெளியே நிற்பது உள்ளே உட்கார்ந்திருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. தவித்துக்கொண்டு இந்தக் காலிலும் அந்தக் காலிலுமாக மாறி மாறி நின்றார்.

ஒருநாள் லெவல் கிராசிங்கை மூடுவது பற்றிப் பேச்சு. வக்கீல் படியேறி வந்து கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினார். உள்ளே போகப் போனவர் நின்று, நீங்கள் அந்தப் பக்கம் இருக்கிறவர்களா, மூடினால் என்ன ஆகும் என்று கேட்டார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.