அறுபது வாட் மாமா

எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிய பிறகும் அக்கா வீட்டு மீட்டரில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் பட்டப்பகலில்.

"பாத்தியா? உங்க மாமாதான்" என்றாள் அக்கா. அவள் வீட்டுக்காரர் போய் இரண்டு வருடமாகிறது.

"இருந்தப்பவே உக்காந்த இடத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டாரு. இப்ப சக்கரம் சுத்துறாராக்கும்."

"கிண்டல் பண்ணாதடா. கட்டில் பக்கத்துச் சுவரைத் தொட்டுப் பாரு. யாரோ இவ்வளவு நேரம் சாய்ஞ்சிருந்த மாதிரி இருக்கும்."

தொட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். வயர்மேனுக்குப் பயம் கிடையாது என்பது கஸ்டமர்கள் கிளப்பிவிட்ட புரளி.

கூடத்தில் அக்காவின் பெட்டி தயாராக இருந்தது. இதற்கு நான் காரணம் கண்டுபிடிக்காவிட்டால் சாயங்காலமே மகள் வீட்டுக்குப் போய்விடுவாள், திரும்ப மாட்டாள். என்னைப் போலவே வயர்மேனான மாமா, மூலைக்கு மூலை தன் கையால் வயர் இழுத்த வீடு இது.

மெயினில் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். 0.26 ஆம்பியர். வோல்டேஜ் 230. பெருக்கினால் அறுபது வாட். வகுத்தால் ரெசிஸ்டன்ஸ் 885 ஓம். மனசு லேசானது. பேய்க்கு வாட் கணக்கு கிடையாது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சரிபார்க்கிறேன் பேர்வழி என்று மெயினை அணைத்துவிட்டு லைனின் ரெசிஸ்டன்ஸை நேரடியாக அளந்தேன். 66 ஓம். 230ஐ 230ஆல் பெருக்கி 66ஆல் வகுத்தால் எண்ணூறு வாட். இஸ்திரிப் பெட்டிக்கே அது போதும்.

"என்னடா முழிக்கிற?"

"உன் வீட்டுக்காரர் கணக்குக்கு அடங்க மாட்டேங்கிறாரு."

"என்னிக்கு அடங்கினாரு."

என் கை மீட்டர் மேல் பழி போட்டு, அதன் பேட்டரியை மாற்றிப் பார்த்து, அக்கா கொடுத்த டீயையும் குடித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. ஆறிக் கிடக்கையில் ரெசிஸ்டன்ஸ் கொஞ்சமாக இருந்து, சூடேறியதும் பத்துப் பதிமூன்று மடங்கு ஏறுகிற சாமான் வீட்டில் ஒன்றுதான். குண்டு பல்பு. அப்படியென்றால், சுவருக்குள் ஒரு பல்பு எரிகிறது.

"அங்க முன்னாடி என்னக்கா இருந்துச்சு?"

"சுவர் அலமாரி. ஓதம் ஏறி எனக்கு மூச்சு வாங்கிட்டே இருக்கும். ஒரு நாள் பலகை அடிச்சு மூடினாரு. 'இனி ஓதம் வராது, பேசாம தூங்கு'ன்னாரு."

மெயினைப் போட்டேன். பலகையின் திருகுகள் மேல் மாமா அடித்த பெயிண்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் மூடியிருந்தது. சுரண்டிக் கழற்றினேன். மஞ்சள் வெளிச்சம் அக்காவின் முகத்தில் விழுந்தது.

"எனக்கு மூச்சு வாங்கக் கூடாதுன்னுதானா?"

"ஆமாக்கா. பல்பு சூட்டுல ஓதம் காஞ்சிடும்ல. சொன்னா நீ திட்டுவேன்னு சொல்லாம விட்டிருப்பாரு."

பல்பைக் காட்டி, "அணைக்கவா?" என்று கேட்டேன்.

"எரியட்டும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை உள்ளே தூக்கிப் போனாள்.

நான் மட்டும் நின்றேன். ராப்பகலாக எரிந்தால் குண்டு பல்பு இரண்டு மாதம் தாங்கினாலே அதிகம். அலமாரி முழுக்க விரல் கனத்துக்குத் தூசி. பல்பின் மேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. பையைத் துழாவி, ஒரு புது அறுபது வாட் பல்பை அட்டைப் பெட்டியோடு உள்ளே வைத்தேன்.

"எங்க வாங்குறீங்களோ தெரியல, மாமா. இது இங்க இருக்கட்டும்" என்று முணுமுணுத்தேன். அப்புறம்தான் பலகையைத் திருகினேன், கொஞ்சம் வேகமாகவே.