நாலு தப்படிக்கு ஒரு தேக்கு

என் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன் விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் பொம்மை அடுக்குகிறவர். மெருகு பூசிய இரண்டு பொம்மைகள் தொட்டுக்கொண்டு நின்றால் சூட்டில் ஒட்டிப் பாழாகிவிடும். விரலளவு இடம் விட்டு அடுக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்த மனிதர்தான் சொந்தக் கொல்லையில் தேக்கை நெருக்கி நட்டார். சொன்னால் யார் நம்புவார்கள்?

கன்று கொடுத்தவர், நாலு தப்படிக்கு ஒரு குழி என்று சொல்லி அனுப்பியிருந்தார். இவர் கடப்பாறையோடு நிற்க, எங்கள் மகள் தென்றல் முன்னால் நடந்து அளந்தாள். ஒன்பது வயசுக் கால். அவளுடைய நாலு தப்படி ஐந்தரை அடிதான் வந்தது. நான் சோறு கொண்டுபோனபோது பாதிக் கொல்லை தோண்டியாகிவிட்டது.

"ஏங்க, கொழந்த காலுங்க அது. மரம் எப்பிடிப் பெருக்கும்?"

"அஞ்சாம் வருசம் ஒண்ணு வுட்டு ஒண்ணு வெட்டிக்கலாம் அம்சா. சந்தோசமா அளக்குது, வுடு."

அடுத்த கார்த்திகையில் காய்ச்சல் வந்து ஆறே நாளில் தென்றல் போய்விட்டாள்.

ஐந்தாம் வருடம் வந்தது. இவர் கோடாலியைத் தொடவில்லை. வனத்துறையிலிருந்து வந்த ஆதிநாராயணன் சார், "எடம் வுடலன்னா எல்லாமே வீணாப் பூடுங்க" என்றார். அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தார் இவர். ஊருக்கெல்லாம் வாயாடுகிற நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. வெட்டினால் அவள் அளந்த அளவு போய்விடும். அந்த மண்ணில் அவளுடையது என்று வேறு எதுவும் இல்லை.

நட்டுப் பன்னிரண்டு வருடமாயிற்று. வெயிலைத் தேடி எல்லா மரமும் உயரத்துக்கே போனது, ஒன்றுகூடப் பெருக்கவில்லை. இந்த ஐப்பசிக் காற்றில் ஒன்பது மரம் சாய்ந்தது. அவர் அவற்றின் நடுவில் உட்கார்ந்து அழுதார்.

"இதுங்களயும் நாந்தான் சாவ வுட்டுட்டேன் அம்சா."

மறுவாரம் ஆள் வைத்து ஒன்று விட்டு ஒன்று வெட்டினோம். ஆட்கள் போனதும் நான் காலை எட்டிப் போட்டு, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடந்தேன்.

"நாலு வருதுங்க. இருந்திருந்தா இப்ப இருவத்தியோரு வயசு. அதுவும் இப்பிடித்தான நடந்திருக்கும்."

அவர் அதே மரத்தடியிலிருந்து சின்னச் சின்னதாகக் காலை வைத்து நடந்தார். நாலாவது தப்படியில் வெட்டிய அடிக்கட்டை வந்தது. அங்கேயே நின்றுவிட்டார்.