பெற்றுக்கொண்டவர் கையொப்பம்

விடியும் முன்பே காளியாயி மலையில் நின்றாள். பனி விரல்களைக் கடித்தது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து கனத்தது. கம்பெனி ஒப்பந்தம் போட்டு அவளிடம் விட்ட ஆயிரத்து இருநூறு தேயிலைச் செடிகள் இவை. காடாய்க் கிடந்த இடத்தை இரண்டு வருடமாகப் புல் வெட்டி, தண்ணீர் வடியக் கான் வெட்டி, அட்டைக்கு இரத்தம் கொடுத்துத் தேற்றியிருந்தாள். இப்போதுதான் கொழுந்து கை நிறைய வந்தது.

வேலையை மேற்பார்க்க வரும் கண்டாக்கு அன்று சிவப்புச் சாயத்தோடு வந்து முதல் செடியில் கோடு இழுத்தார்.

“இறங்கு காளியாயி. ஒப்பந்தம் முடிஞ்சுது. இங்க ஹோட்டல் வருது.”

“எனக்கு ஒண்ணும் சொல்லலீங்களே!”

“ஒப்பந்தக்காரங்க முப்பத்தொரு பேருக்கும் அறிவித்தல் போயிருச்சு. ஆபீஸ்ல கேளு.”

அவள் போனபோது மற்றவர்களும் அங்கே நின்றார்கள். தோட்டத்தை நடத்தும் துரை ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.

“பதிவுத் தபால்ல அனுப்பியாச்சு. கிடைச்சதுக்குக் கையெழுத்தும் இருக்கு. மறுப்புச் சொல்லப் பதினாலு நாள். நேத்தோட சரி.”

கையெழுத்து கிளாக்கர் ஜூலியனுடையது. தோட்டத்துத் தபால் எல்லாம் ஒரே பையில் ஆபீசுக்கு வரும். கிளாக்கர் கையெழுத்திட்டு வாங்கி, காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். காளியாயி பிறப்பதற்கு முன்பிருந்தே அதுதான் வழக்கம். இந்த முறை யார் பெயரும் கூப்பிடப்படவில்லை. ஜூலியன் தலை நிமிரவில்லை. முப்பத்தொரு உறைகளும் அவர் முதுகுக்குப் பின்னால் தட்டில் பிரிக்காமல் கிடந்தன.

“அனுப்புனதும் நீங்க, வாங்குனதும் நீங்க. நடுவுல நாங்க எங்கங்க?”

“விலாசம் குடுத்தது யாரு? நீதானே?”

கொடுத்தது காளியாயிதான். ‘துரை அவர்களின் மேற்பார்வை’ என்று ஒப்பந்தத்தில் தன் விலாசமாக அவளேதான் எழுதச் சொன்னாள். வேறு எதைச் சொல்வாள்? அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு எண் உண்டு, தபால்காரர் இல்லை. உலகத்துக்கெல்லாம் தேயிலை அனுப்பிய சனத்துக்கு ஒரு கடிதம் வந்து சேர வழியில்லை.

பக்கத்து மலைக்கார இக்னேசியஸ் ஒரு தாளில் மறுப்பை எழுதி நீட்டினார். துரை அதைத் தொடவில்லை.

“கையில வாங்க முடியாது. பதிவுத் தபால்ல அனுப்பு.”

மறுநாள் ஒருவரும் கொழுந்துக்குப் போகவில்லை. லிந்துலை டவுன் தபாலகத்துக்கு இறங்கினார்கள். நாள் கடந்த கடிதம் செல்லாது என்று வழியில் சிலர் சொன்னார்கள். அது தெரிந்துதான் நடந்தார்கள்.

“ஆளுக்கொரு கடிதமா?” என்றார் இக்னேசியஸ்.

“அவங்க நம்மளத் தனித்தனியா எழுதித் தள்ளுனாங்க. நாம ஒண்ணா எழுதுவோம்ண்ணே” என்றாள் காளியாயி.

“அனுப்புறவர் விலாசம்?” தபாலகத்துப் பெண் உறையின் பின்பக்கத்தைக் காட்டிக் கேட்டாள்.

தோட்டத்து விலாசம் போட்டால் பதிலும் அதே தட்டுக்குத்தான் போகும். லயத்தில் பிறந்து டவுனில் தையல் கடை வைத்திருக்கும் சுகிர்தம் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள்.

“என் கடை விலாசத்தப் போடுங்க.”

“தொரை வீட்டுத் தையல் போயிருமே புள்ள” என்றாள் காளியாயி.

“போகட்டும்க்கா.”

காளியாயி அந்த விலாசத்துக்கு மேலே தன் பெயரை எழுதினாள். இக்னேசியஸ் எழுதினார். பேனா கை மாறிக்கொண்டே போனது. பின்பக்கம் நிறைந்து, பெயர்கள் முன்பக்கத்துக்கும் வந்தன.

“முத்திரை ஒட்ட மட்டும் இடம் விடுங்க” என்றாள் தபாலகத்துப் பெண்.