வெள்ளிக்கிழமை வாசம்

சவப்பெட்டிக்குள் கிடந்த பன்றிக்கறியை எடுத்துக் கடைக் கொக்கியில் மாட்டச் சொன்னபோது, மலாக்கி டூப்ரிடியின் குரலில் கொடியில் காயும் துணியை எடுத்து வைக்கச் சொல்பவனின் அவசரம்தான் இருந்தது.

"ஃபெஸ்டஸ் ஹானன் போயிட்டாரு. பெட்டி வேணும்."

டீலியா மலாக்கிக்கு வாழ்க்கைப்பட்டு அந்தக் கடைக்கு வந்து இரண்டு வருஷம். முன்னால் மளிகை, பின்னால் மதுக்கூடம், மாடியில் சவப்பெட்டிகள். மூன்றுக்கும் ஒரே மேலங்கி, ஒரே ஜோடிக் கை. பிணத்தைப் பெட்டியில் கிடத்திவிட்டு வந்த கை, தொடையில் ஒருமுறை துடைத்துக்கொண்டு தேயிலை நிறுக்கும். கல்யாணமான முதல் மாதம் அவள் சோப்பைப் பற்றிப் பேசிப் பார்த்தாள். "செத்தவங்க யாரும் குறை சொல்லலையே" என்றான். அறுவடை முடிந்ததும் எலிகள் வயலைவிட்டுக் கடைக்குள் குடியேறின. கில்ப்ராக் ஊரிலேயே இறுக்கமாக மூடும் பெட்டி எதுவென்று மலாக்கிக்குத் தெரிந்திருந்தது. புகை போட்ட முழுப் பன்றி விலாப்பக்கம் இரண்டு மாதமாகப் பெட்டிக்குள் தைத்திருந்த வெள்ளைச் சாட்டின் கொசுவத்தின்மேல் படுத்திருந்தது, தலையணையோடு.

"துணியையாவது மாத்துங்க. வாடை அடிக்குது."

"செத்தவருக்கு ஏது மூக்கு?"

"அவரு பொண்டாட்டி பினா அக்காவுக்கு இருக்கே."

"அழுது அழுது அடைச்சிருக்கும்" என்றான். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னான். டீலியா குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாள். செருப்பு தைக்கும் ஃபெஸ்டஸ் அதற்குத் தைத்துப் போட்ட அடித்தோல் இன்னும் தேயவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அடக்கப் பூசை. கத்தோலிக்கர்கள் மாமிசம் தொடக்கூடாத நாள். நற்கருணை அப்பம் வாங்க நினைத்தவர்கள் நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெட்டி பீடத்தின் முன்னால் இருந்தது, மெழுகுவத்திகளின் சூடு அதன்மேல் பட்டது, சற்று நேரத்தில் கோவில் முழுவதும் பன்றிக்கறி வறுக்கும் காலைச் சமையலறையாக மணத்தது. யாரும் தலையைத் திருப்பவில்லை. எல்லாரும் எச்சில் விழுங்கினார்கள். ஒவ்வொருவரும் அது தன் வயிற்றின் பாவம் என்று நினைத்துக்கொண்டு நெஞ்சில் பலமாக அறைந்துகொண்டார்கள். ஃபாதர் க்ரீஹனுக்கு இலத்தீன் ஜெபம் ஒரு இடத்தில் தடுமாறியது. வெளியே, மரியாதைக்காகப் பாதி மூடிய கடைகளுக்கு நடுவே ஊர்வலம் போனபோது கறிக்கடை நாய் கல்லறைவரை பின்னாலேயே வந்தது. வாயில்லா ஜீவனுக்கும் ஃபெஸ்டஸ்மேல் என்ன பாசம் பார் என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். மலாக்கி தொப்பியைக் கழற்றி அதை ஆமோதித்தான்.

சனிக்கிழமை கடையில் கறி இதுவரை இல்லாத அளவுக்கு விற்றது.

திங்கட்கிழமை பினா ஹானன் வந்தாள். கறுப்புச் சால்வை. வாசலிலிருந்து நடக்கும்போதே முழங்கால்கள் மடங்கவில்லை.

"அரை ராத்தல் தேயிலை போதும், டீலியா. உக்காரச் சொல்லாதம்மா, உக்காந்தா எந்திரிக்க முடியல."

"என்ன ஆச்சுக்கா?"

பினா கடைக்குள் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். மதுக்கூடத்துத் தடுப்புக்குப் பின்னால் மலாக்கி பீப்பாயைத் தட்டிக்கொண்டிருந்தது நின்றது.

"நான் மனுசியே இல்லடி. முப்பத்தொரு வருசம் கூட வாழ்ந்தவரு முன்னால கெடக்காரு, என் மூக்குல பன்னிக்கறி வாசம். வெள்ளிக்கெழம. வாயெல்லாம் தண்ணி. அவருமேலருந்தே வருதுன்னு தோணிச்சு, பாரு. சனிக்கெழம பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொன்னேன். அவரு எச்சில் முழுங்குற சத்தம் கேட்டுது. அப்புறம், ஒரு மாசம் வெறுந்தரையில முட்டிபோட்டு தெனம் மூணு ஜெபமாலைன்னாரு."

"மூணா?"

"கோவமா சொன்னாரு. தனக்கே சொல்லிக்கிட்ட மாதிரி." அவள் குரல் இறங்கியது. "ஜெபமாலை போகட்டும். எம் புருசன் மொகத்த நெனச்சா இப்ப அந்த வாசந்தான் வருது. மொகம் வரமாட்டேங்குது."

தடுப்புக்குப் பின்னாலிருந்து மலாக்கி வந்தான். தலையைச் சாய்த்து, கைகளைக் கோத்து, பெட்டி சுமக்கும் நாட்களுக்கான முகத்தோடு. "துக்கத்துல மூக்கு ஏமாத்தும், மிஸஸ் ஹானன். நான் எத்தனையோ பாத்திருக்கேன். பிரார்த்தனை பண்ணுங்க, சரியாயிடும்."

பினா தலையாட்டினாள். நன்றி என்றுகூடச் சொன்னாள்.

டீலியா அவன் கைகளைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இந்தக் கடைக்கு இனி ஒரு பிணமும் வராது, ஒரு குடிகாரனும் வரமாட்டான். அவளுக்குத் திரும்பிப் போகப் பிறந்த வீடும் இல்லை, அண்ணன் அதை எழுதியே தெரிவித்திருந்தான். அவள் தேயிலையை நிறுத்துப் பொட்டலம் கட்டினாள். பிறகு கொக்கியிலிருந்து விலாப்பக்கத்தில் விற்றது போக மிஞ்சியதை இறக்கினாள்.

"அவங்க கறி கேக்கலையே" என்றான் மலாக்கி.

அவள் அதைப் பலகைமேல் போட்டு, தோல்பக்கம் கீழே போகும்படி புரட்டி, பினாவின் பக்கமாகத் தள்ளினாள். கொழுப்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சவப்பெட்டியின் வெள்ளைச் சாட்டின் கொசுவம் ஒட்டியிருந்தது. சின்னச் சின்ன மடிப்புகள், ஓரத்தில் பின்னல்.

பினா சால்வைக்குள் கையை விட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினாள்.