முதல் ஆட்டக்காரரின் ரிலே

லிஃப்ட் மெக்கானிக்கின் அக்காவும் மாமாவும் லாண்டரிக் கடை நடத்தினார்கள். துணி துவைத்து முடியும்வரை வாடிக்கையாளர்கள் பொழுது போக்கட்டும் என்று மாமா, பந்தைத் தட்டித் தட்டி மதிப்பெண் சேர்க்கும் ஒரு பழைய பின்பால் மிஷினை வாங்கி வைத்தார். ஆனால் அதில் அதிகம் ஆடியது அவரும் அக்காவும்தான். ஆறு மாதமாக அவர் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. அக்காவின் எண்பத்து நாலாயிரம் சாக்பீஸால் சுவரில் ஏறியிருந்தது. மாமா இருபதாயிரத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு மதியம் அக்கா வெளியே போன நேரம் பார்த்து அவர் மெக்கானிக்கை வரவழைத்தார்.

“மச்சான், இந்த மிஷின் உங்கக்கா கட்சி.”

“யாரு ஆடுறாங்கன்னு அதுக்கு எப்படி மாமா தெரியும்?”

“நீ திறந்து பாரு.”

மெக்கானிக் ஆட்டப் பலகையைத் தூக்கி நிறுத்தினான். அடியில் வரிசையாக ரிலேக்கள். பந்து பட்டதும் கரண்ட் பாயும். ரிலேயின் காந்தம் ஓர் இரும்புத் துண்டை இழுக்கும். அதோடு நகரும் மெல்லிய தகடுகள் ஒன்றையொன்று தொட்டதும் மதிப்பெண் சக்கரம் சுழலும். அவன் பார்த்த பழைய லிஃப்டுகளிலும் இதே சங்கதிதான். அங்கே ஆள் மேலே போவார், இங்கே மதிப்பெண்.

ஒவ்வொரு ரிலேயாக விரலால் அழுத்தினான். இரண்டாவது ஆட்டக்காரரின் நூறு மதிப்பெண் ரிலேயை அழுத்தியதும் ‘டக்’ என்று நூறுகளின் சக்கரம் மட்டும் நகர்ந்தது. முதல் ஆட்டக்காரருடையதை அழுத்தினால் ஆயிரங்களின் சக்கரமும் சேர்ந்து நகர்ந்தது. டார்ச் அடித்துப் பார்த்தான். ஒரு தகடு வளைந்து பக்கத்துத் தகட்டின்மேல் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு நூறுக்கும் ஓர் ஆயிரம் இனாம்! எப்போதும் முதலில் ஆடுவது அக்கா.

“நேராக்கிடவா மாமா?”

மாமா வாசலை எட்டிப் பார்த்தார். “நேராக்கு. அப்படியே என்னோடதைக் கொஞ்சம் வளைச்சு விடு.”

“மாமா!”

“ஒரே ஒரு ஆட்டம், மச்சான். நானும் மனுஷன்தானே?”

சின்ன வயதில் எல்லா விளையாட்டிலும் அக்காவிடம் தோற்றவன் மெக்கானிக். அக்காவுடையதை நேராக்கி, மாமாவுடையதை வளைத்துவிட்டான்.

அக்கா வந்ததும் மாமா கைகளைத் தேய்த்துக்கொண்டு, “ஒரு கை பார்க்கலாமா?” என்றார்.

“பார்க்கலாமே. என்னிக்கும் நானே ஆரம்பிக்கிறேன். இன்னிக்கு நீங்க முதல்ல ஆடுங்க.”

மாமாவின் முகம் பிழிந்த துணி மாதிரி ஆனது. “இல்ல... பழக்கத்தை எதுக்கு மாத்தணும்?”

“பரவாயில்லங்க, ஆடுங்க.”

மாமா பதினாலாயிரம் எடுத்தார். இரண்டாவதாக ஆடிய அக்கா தொண்ணூற்றோராயிரம். மெக்கானிக் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்; தோள் மட்டும் குலுங்கியது.

“டேய், எதுக்குச் சிரிக்கிற?”

அவனால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அக்கா கத்தவில்லை. 

“அதையும் நேராக்குடா” என்று அவளே டார்ச் பிடித்தாள். பிறகு சுவரிலிருந்த எண்பத்து நாலாயிரத்தை ஈரத்துணியால் துடைத்தாள். அந்த ஒரு நிமிடம் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“இப்ப வாங்க.”

அக்கா பதினாறாயிரத்து இருநூறு. மாமாவின் கடைசிப் பந்து உள்ளே விழுந்தபோது பதினாறாயிரத்து ஐந்நூறு! காத்திருந்த வாடிக்கையாளர்கள் கைதட்டினார்கள். மாமா மச்சானைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார். அக்காவே அந்த எண்ணைச் சுவரில் எழுதிவிட்டுக் கையிலிருந்த சாக்பீஸ் பொடியைத் தட்டிக்கொண்டாள்.

“சரி, இன்னொரு ஆட்டம்.”

“இன்னொண்ணா? தலைக்கு மேல வேலை கிடக்கு” என்று மாமா, இன்னும் சொட்டிக்கொண்டிருந்த யாருடைய போர்வையையோ எடுத்து மும்முரமாக மடிக்க ஆரம்பித்தார்.