எதிர் நடைபாதையில் யாதிரா

இறந்தவர்கள் வீடு தேடி வரும் பண்டிகைக்கான படையலில் யாதிராவின் படத்தையும் வைத்துவிட்டாள் தங்கை சாயோ என்று அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்னாள். அமெரிக்கப் பக்கம், எல் பாசோவில் யாருடைய வீட்டுச் சமையலறையையோ துடைத்துக்கொண்டிருந்த எலோடியா, வேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லைப் பாலத்துக்கு நடந்தாள்.

மகள் காணாமல் போய் ஒன்பது வருடம். பாலத்துக்குத் தெற்கே, மெக்சிகோவின் ஹுவாரெஸில் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீடு வந்து சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட பெண்ணைப் படையலில் வைப்பது, வீட்டாரே மண்ணைத் தள்ளி மூடுவதற்குச் சமம்.

எலோடியா யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. பாலத்தில் போக ஒரு நடைபாதை, வர ஒன்று, நடுவில் வண்டிகள். அவள் தெற்கே நடக்கும்போதெல்லாம், எதிர்ப்பாதையில் பச்சை ஸ்வெட்டர் போட்ட யாதிரா வடக்கே போவாள். இவள் வடக்கே திரும்பினால் அவள் தெற்கே. எலோடியா ஒருநாளும் கூப்பிட்டதில்லை. திரும்பும் முகம் வேறு யாருடையதாகவோ இருந்துவிட்டால்?

இன்றும் பார்த்தாள். பார்த்த தெம்போடுதான் அக்கரையில் இருந்த தங்கை வீட்டுக்குள் நுழைந்தாள்.

"யாரைக் கேட்டுடி வச்ச?"

"வா அக்கா. மூச்சு வாங்கிட்டு அப்புறம் திட்டு" என்றாள் சாயோ. செண்டுமல்லிக்கும் ரொட்டிக்கும் நடுவே, அப்பா அம்மா படங்களுக்குப் பக்கத்தில் யாதிரா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ உயிரோட இருக்கா."

"இருந்தா சந்தோஷம். ஆனா என் கனவுல வந்து தண்ணி கேக்குறாளே. குடிகார மாமனுக்குக்கூட பாட்டில் வச்சுக் கூப்பிடுறோம். புள்ள தெருவுலயே நின்னுட்டுப் போறா."

"பன்னிக்கறிய ஒரு கட்டு கட்டிட்டுப் படுத்திருப்ப."

"கட்டுனேன்தான். அதுக்கு மாமன்ல வரணும், இவ ஏன் வர்றா?"

எலோடியா படத்தை எடுத்துச் சால்வையில் சுற்றினாள். "இப்பக்கூட பாத்தேன் சாயோ. பாலத்துல."

சாயோவின் கை தீப்பெட்டியோடு நின்றது. "எப்படி இருந்தா?"

"அப்படியேதான். கொஞ்சம்கூட மாறல."

சாயோ தீப்பெட்டியைப் படையல் ஓரத்தில் வைத்தாள். பிறகு, "அவகூட வேலை பாத்த மரிசெலா நேத்து வந்தா. மூணு புள்ள. முன்னாடி முடியெல்லாம் கொட்டிப்போச்சு" என்றாள்.

அதை எதற்குச் சொல்கிறாள் என்று எலோடியா கேட்கவில்லை. கிளம்பிவிட்டாள்.

பாலத்தில் வடக்கே போகும் வரிசை நகரவில்லை. பண்டிகைக் கூட்டம். வண்டிகளுக்கு அப்பால் பச்சை ஸ்வெட்டர் வந்தது. பின்னலைத் தூக்கிப் பின்னால் போட்டபடி, வேலைக்கு நேரமாகிவிட்டதுபோல நடந்தது. எலோடியா முதல் முறையாக அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தாள். தனக்கு முழங்கால் போய்விட்டது, பாதிப் பல் போய்விட்டது. அந்தக் கன்னத்தில் ஒரு கோடு இல்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது. ஒன்பது வருடமாக அதே பத்தொன்பது.

எலோடியா கூட்டத்துக்கு எதிரே திரும்பி நடந்தாள். வரிசையில் நின்றவர்கள் குரல் கொடுத்தார்கள்.

"அம்மா, எல்லைக்கு வழி அந்தப் பக்கம்!"

"வரிசைய விட்டா மறுபடி கடைசியிலதான் நிக்கணும், பாத்துக்கோங்க!"

"விடுய்யா, அடுப்ப அணைக்க மறந்திருக்கும்."

சாயோ கதவைத் திறந்து வழிவிட்டாள். எலோடியா சால்வையைப் பிரித்துப் படத்தை அம்மாவின் படத்தோடு ஒட்டினாற்போல வைத்தாள். கிளாஸில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினாள். மெழுகுவத்தியை ஏற்ற மூன்று குச்சி ஆயிற்று.

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. குளிர்காற்று வருகிறதே என்று சாயோ கதவைச் சாத்த எழுந்தாள்.

"சாத்தாத" என்றாள் எலோடியா. "பாலத்துல கூட்டம் ஜாஸ்தி. அவ வந்து சேர நேரமாகும்."