பச்சைத் தண்ணி

மூன்று நாளாக அந்த அறையில் ஏதோ செத்துக் கிடக்கிற வாடை. அவள் அலமாரியை இழுத்துப் பார்த்தாள், கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள், கணவனின் காலுறைகளைக்கூட ஒரு குச்சியால் தூக்கி வெளியே போட்டாள். எலியும் இல்லை, பல்லியும் இல்லை. வாடை மட்டும் போகவில்லை. காலையில் கதவைத் திறக்கும்போது லேசாக இருக்கும். கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆனதும், பூச்சாடியில் வாரக்கணக்கில் அழுகிய தண்ணீரைச் சுட வைத்தது மாதிரி குப்பென்று கிளம்பும்.

கட்டடங்களுக்குப் படம் செய்வது அவள் தொழில். வீடோ பள்ளிக்கூடமோ, அஸ்திவாரம் தோண்டும் முன்பே அது கட்டி முடித்து நிற்பது மாதிரி, வெயிலும் நிழலும் கண்ணாடியில் வானமுமாகத் திரையில் காட்டிவிடுவாள். கட்டடக்காரர்கள் "படக்காரம்மா" என்பார்கள். ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் மூச்சுமுட்ட உழைத்துத்தான் வெளியே தள்ளும். அந்த வாரம் கையில் இருந்தது ஓர் ஆஸ்பத்திரியின் முன்கூடம். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான்காவது முறையாகத் திரை கறுத்து, இயந்திரம் தானாகப் படுத்துக்கொண்டது. படுப்பதற்கு முன்னால் அவள் கண்ணில் பட்ட சூடு, தொண்ணூற்றெட்டு டிகிரி.

நான்கு மாதத்துக்கு முன்னால் இந்தத் தொல்லையே கிடையாது. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரை அதற்கு விதித்த வேகத்தைவிடக் கூட்டித்தான் அவள் அப்போதும் ஓட்டிக்கொண்டிருந்தாள். கூட்டினால் சூடு ஏறும், அந்தச் சூட்டை யாராவது வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதற்காக, ப்ராசஸரின் தலைமேல் உட்கார்ந்து காற்றால் ஆற்றுகிற, ஒரு கிலோவுக்கு மேல் கனக்கிற பெரிய ஏர் கூலரைப் பார்த்துப் பார்த்து வாங்கி, தன் கையாலேயே மாட்டியிருந்தாள். செம்புக் குழாய்கள், அடுக்கடுக்காகத் தகடுகள், இரண்டு பக்கமும் ஃபேன். மூன்று வருடம் முணுமுணுக்காமல் ஓடியது.

அதைப் பார்த்துத்தான் கொழுந்தன் முகத்தைச் சுளித்தான்.

கொழுந்தனுக்கு முப்பத்தொரு வயது. ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் குளிர்விப்பது எப்படி என்று வீடியோ போடுகிறவன். "குளிர்மன்னன்" என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டு, தலையில் தொப்பியைத் திருப்பி வைத்துக்கொண்டு பேசுவான்.

"என்ன அண்ணி, உள்ள செங்கல்லைக் கட்டித் தொங்க விட்டிருக்கீங்க? காத்துல ஆற வெக்கிறதெல்லாம் பழைய கதை. தண்ணி போட்டுத் தர்றேன், வேகத்தை இன்னும் ஏத்தலாம்."

"இப்பவே நல்லாத்தானேப்பா ஓடுது?"

"நடக்குது அண்ணி. நான் ஓட வெக்கிறேன்."

அவளுக்கு மனசே இல்லை. கணவன்தான், "ஆசையாச் செய்யறான், விடேன்," என்று நடுவில் புகுந்தான். தம்பி விஷயத்தில் அவனுக்குக் கண்ணும் தெரியாது, மூக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அறையில் கேமராவும் விளக்கும் வைத்துக் கொழுந்தன் கூத்தடித்தான். ப்ராசஸர் மேல் ஒரு மூடி, அதிலிருந்து கண்ணாடி போன்ற குழாய்கள், ஒரு பம்ப், தண்ணீரை ஆற்றுவதற்கு ரேடியேட்டர், எல்லாவற்றிலும் கடல் நீலத்தில் "கூலன்ட்" என்று ஒரு திரவம். "அண்ணிக்கு விடுதலை" என்று அந்த வீடியோவுக்குத் தலைப்பு. கிளம்பும்போது பழைய கூலரைப் பையில் போட்டுக்கொண்டான். "இந்தச் செங்கல்லை நானே குப்பையில போட்டுடறேன் அண்ணி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

ஒரு மாதம் நீலமாக இருந்தது. பிறகு மயில் நிறம். பிறகு பச்சை. போன் போட்டுக் கேட்டாள். "கூலன்ட் செட்டாகுது அண்ணி, அப்படித்தான் ஆகும்," என்றான். பச்சை கறுத்துக்கொண்டே போனபோது மறுபடி கேட்டாள். "இப்ப அந்தக் கலர்தான் அண்ணி ஃபேஷன்," என்றான், கூசாமல்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் திருகாணியைக் கூப்பிட்டாள். இரண்டு தெரு தள்ளிக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். எந்நேரமும் உதட்டோரத்தில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டே பேசுவதால் அந்தப் பெயர். எத்தனை பேர் வீட்டுத் தூசியில் விழுந்து எழுந்த திருகாணியோ என்று நினைத்து அவள் எப்போதும் பார்வையைத் திருப்பிக்கொள்வாள்.

பக்கவாட்டுக் கதவைக் கழற்றியதும் திருகாணி செய்த முதல் காரியம், வாயிலிருந்த திருகாணியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டதுதான்.

"பக்கெட் ஒண்ணு கொண்டாங்க. ஜன்னலைத் திறந்து விடுங்க."

குழாய் சேருமிடத்தில் பொருக்குத் தட்டிப்போய், சளி காய்ந்த மாதிரி ஒரு பழுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கேதான் கசிந்திருக்கிறது. கசிந்த தண்ணீர் சூட்டில் ஆவியாகி, மூன்று நாளாக அவள் மூக்குக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அது புரிந்ததுமே அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மூச்சை விட்டாள்.

அவர் குழாயைப் பிடுங்கினார். தண்ணீர் விழவில்லை. முதலில் ஒரு காற்றுக் குமிழி வந்தது, அப்புறம் கொழகொழவென்று ஒன்று தலையை நீட்டியது. மூக்கைச் சிந்துவதற்கு முன் எட்டிப் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்து, நீளமாக இறங்கி, அறுந்து போகாமல் ஆடி, பக்கெட்டில் சொத்தென்று விழுந்தது. அதற்குப் பின்னால் கரும்பச்சைத் தண்ணீர், அதில் ஈரத் துணியின் நூல் போல மிதக்கும் நார்கள். வாடை அறையை நிறைத்தது. அவள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். துணி வழியாகவும் வந்தது. ப்ராசஸர் மேலிருந்த மூடியைத் திறந்தபோது, மயிரிழை மயிரிழையாகத் தண்ணீர் ஓட வேண்டிய செம்புக் கோடுகளெல்லாம் வெள்ளைக் கூழால் அடைத்துக் கிடந்தன. திருகாணி ஒரு பல்குத்தும் குச்சியால் அதை வழித்துக் காட்டினார். சீழ் மாதிரி நுனியில் நின்றது.

"காட்டாதீங்க," என்றாள்.

"யார் போட்டது இதை?"

"கொழுந்தன். ஏதோ கூலன்ட்னு..."

"கூலன்டாவது மண்ணாவது. குழாயில புடிச்ச வெறும் பச்சைத் தண்ணிங்க இது. கேக்குக்குப் போடற கலரைக் கரைச்சு ஊத்தியிருக்கான். பாசி புடிக்காம இருக்க மருந்து போடணும், போடலை. இங்க செம்பு, அந்த ரேடியேட்டர் அலுமினியம். ரெண்டையும் ஒரே தண்ணியில ஊற வெச்சா ஒண்ணை ஒண்ணு அரிச்சுத் தின்னும். தின்ன மிச்சம்தான் இந்தக் கூழு."

"அப்ப தண்ணியே ஆகாதா?"

"தண்ணி மேல என்ன குத்தம்? ஒழுங்காப் போட்டு, நேரா நேரத்துக்கு மாத்தினா ஜம்முனு ஓடும். இவன் செஞ்சது கூலிங் இல்லீங்க, சாக்கடை." பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "உங்க பழைய கூலர் நல்ல கூலராச்சே. அதைக் கொடுங்க, இப்பவே மாட்டிடறேன்," என்றார்.

"குப்பையில போட்டாச்சு."

அதே மாதிரி ஒன்று வரவழைக்க எட்டு நாளாகும் என்றார் திருகாணி. வெள்ளிக்கிழமைக்கு மூன்றே நாள்தான். கொழுந்தன் வீட்டில் உருப்படியாக ஏதாவது கிடக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று புதன்கிழமை காலையில் அவளே கிளம்பினாள்.

கொழுந்தனின் அறை மூன்றாவது மாடியில். கதவு சும்மா சாத்தியிருந்தது. அவன் கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால், அலமாரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பும் ஊதாவுமாகக் குழாய்கள் ஜொலித்தன. வீடியோவில் அவனுடைய "சிம்மாசனம்" என்று சொல்வது இதைத்தான். கேமராவுக்குத் தெரிகிற அந்த ஒரு சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தது. தெரியாத மூன்று பக்கமும் பாதி தின்ற தட்டுகள், பூஞ்சை பூத்த காபிக் கோப்பை, வியர்வை காய்ந்து விறைத்த சட்டைகள். அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அட, அண்ணி! ஒரு நிமிஷம், இதை முடிச்சுடறேன்."

அவள் அருகில் போய்ப் பார்த்தாள். ஜொலிக்கும் பெட்டிக்குள் குழாயும் விளக்கும் இருந்தன, கம்ப்யூட்டர் இல்லை. மதர்போர்டு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு அட்டை ஒட்டியிருந்தது. ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் மேஜைக்கடியிலிருந்து வந்தது. குனிந்தாள். பக்கக் கதவில்லாமல் ஒரு பழைய பெட்டி. உள்ளே, இரண்டு பக்கமும் ஃபேன் வைத்த பெரிய கூலர். மேல் தகட்டின் ஓரத்தில், எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று அடையாளத்துக்கு அவள் வைத்த மெரூன் நகப்பூச்சுப் பொட்டு அப்படியே இருந்தது.

அவள் விரலால் அந்தப் பொட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது என்னுது."

"அது... குப்பையில போட மனசு வரலை அண்ணி."

"நீதானே காத்துல ஆற வெக்கிறது பழைய கதைன்ன?"

அவன் சிரித்தான். மாட்டிக்கொண்ட சிரிப்புகூட இல்லை, தொழில் ரகசியம் சொல்கிறவனின் சிரிப்பு. "வீடியோவுக்கு வேற, வேலைக்கு வேற அண்ணி. நாள் பூரா எடிட்டிங் ஓடுது. தண்ணியை நம்பி வெக்க முடியுமா? ஒழுகிடுச்சுன்னா எல்லாம் போச்சு."

"ஒழுகினா என்னுது போகாதா?"

"எவ்வளவு நாள் தாங்குதுன்னு ஒரு டெஸ்ட்டுதான்..."

அவளுக்குக் கோபம் வரும் என்றுதான் அவளே நினைத்தாள். வந்தது குமட்டல். பக்கெட்டில் விழுந்த அந்தக் கொழகொழப்பை யாரோ அவள் உள்ளங்கையில் வைத்து மூடியது மாதிரி இருந்தது. குனிந்து, அவன் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தி அணைத்தாள்.

"அண்ணி! எடிட்டிங் ஓடிட்டிருக்கு! சேவ் பண்ணலை!"

"ஸ்க்ரூடிரைவர் எங்க?"

அவன் கொடுக்கவில்லை. மேஜை மேல், எண்ணெய்ப் பிசுக்கேறிய தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவளே எடுத்து, தலைப்பில் துடைத்தாள். அதற்குள் அவன் அண்ணனுக்குப் போன் போட்டு அவளிடம் நீட்டினான்.

"ஏன் இப்ப அங்க போய் ரகளை?" என்றது கணவனின் குரல். "அதை அவனே வெச்சுக்கட்டும். நமக்கு வேற வாங்கிக்கலாம். சின்னப் பையன்தானே."

"வீட்டுக்குப் போனதும் பின்கட்டுல ஒரு பக்கெட்டு இருக்கு. மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க சின்னப் பையன்னு," என்று சொல்லிப் போனைக் கொழுந்தனின் எண்ணெய்த் தட்டிலேயே வைத்தாள்.

நான்கு திருகுகள்தான். கூலரைத் திருகி உயர்த்தியபோது தகடுகளுக்கு நடுவிலிருந்து கம்பளி மாதிரி தூசி தொங்கியது. தலைமுடி, தீனித் தூள், மஞ்சள் எண்ணெய், வெட்டிப் போட்ட இரண்டு நகத்துண்டுகள்கூட. நகத்தைப் பார்த்ததும் உவ்வே என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். கையோடு கொண்டுவந்த பையில் போட்டு, உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி படி இறங்கினாள். மாடியிலிருந்து, "அண்ணி, குறைஞ்சது ஃபேனையாவது விட்டுட்டுப் போங்க," என்று குரல் வந்தது.

வீட்டில் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் சுத்தம் செய்தாள். பிரஷ்ஷால் தட்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, தகடு தகடாக இடுக்கியால் அவன் முடியை இழுத்தாள். நீரில் சளி, காற்றில் முடி. எதில் ஆற வைத்தாலும் மனுஷனின் அழுக்கு உள்ளே போய்விடுகிறது, துடைக்கிறவர்கள்தான் வேண்டும் என்று தோன்றியது. கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் சாப்பாட்டுக்கு உட்கார முடியவில்லை.

சாயங்காலம் திருகாணி வந்து மாட்டிக் கொடுத்தார். "வேகத்தை இனிமே கூட்டாதீங்க, கம்பெனி வெச்ச அளவுலயே விடுங்க. அந்தக் கசிவுல போர்டு தப்பிச்சதே பெரிசு." எட்டு மணி நேரத்தில் முடிகிற படம் பதினொரு மணி நேரம் எடுத்தது. சூடு எழுபத்திரண்டைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியின் முன்கூடம், மெழுகிய தரையில் காலை வெயிலோடு, போய்ச் சேர்ந்தது.

கணவன் பக்கெட்டை மோந்து பார்த்தானா என்று அவள் கேட்கவில்லை. பின்கட்டில் அது கழுவிக் கவிழ்த்திருந்தது. அதனால் மோந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள், கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் அவன் ஹாலில் போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தாள். குளிர்மன்னனின் புது வீடியோ. "தண்ணீரை விட்டுக் காற்றுக்கு ஏன் திரும்பினேன்?" அதில் கொழுந்தன் நெஞ்சில் கை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான்: "எங்க அண்ணியோட கம்ப்யூட்டரையும் நான்தாங்க திருப்பி ஏர் கூலிங்குக்கு மாத்திக் கொடுத்தேன். அவங்க முகத்துல அந்தச் சந்தோஷத்தைப் பாக்கணுமே!" கீழே கட்டைவிரல் குறி நீலமாக இருந்தது.

"இந்த லைக்கு நீங்க போட்டதா?"

"தம்பியாச்சேன்னு..." என்று இழுத்தான் கணவன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் நடக்காத மாதிரி கொழுந்தன் சாப்பிட வந்தான். அவள் முறை தவறாமல் பரிமாறினாள். இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளும்போது, "அண்ணிக்கு இன்னும் என் மேல கோவம் போல," என்றான், அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்து.

"கோவமா இருந்தா ரெண்டு நாள்ல ஆறிடும்ப்பா," என்றாள் அவள், கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு. "இது அருவருப்பு."

கொழுந்தன் பெரிய ஜோக்கைக் கேட்டது மாதிரி வாய் நிறையச் சாப்பாட்டோடு சிரித்தான். கணவன் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு பிசைந்தான். அவள் கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அடுத்த கட்டடத்தைத் திறந்தாள்.